லென்ஸரும் நான் குடித்த தீர்த்தமும்

கொரோனா வருவதற்கு இருபது வருடத்துக்கு முன்பே கொரோனாவுக்கு ஆயத்தமாக இருந்த மனிதர் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரேயொருவர்தான். அவர் நீர்வேலியில், எங்கள் ஒழுங்கையில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது கலியாணக் கார்ட்டில் அச்சடிக்க மட்டும் பயன்படும். மற்றபடி ஊர் முழுக்க அவருக்கு லென்ஸர் என்றுதான் பெயர். தபால்காரரும் அப்படிக் கேட்டுத்தான் வருவார்.

லென்ஸருக்கு வாழைத்தோட்டம். தோட்டம் செய்கிற ஒருவர், அதுவும் ஐம்பது வயது தாண்டியவர், கண்ணாடி போடமாட்டேன் என்று கண்ணுக்குள்ளே லென்ஸ் போட்டுக்கொண்டு குட்டிவாழை பிரிப்பதை நீங்கள் வேறெங்காவது கண்டிருந்தால் எனக்குக் கடிதம் போடுங்கள். நான் கண்டதில்லை.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய கலியாணம். அந்த நாளில் அவர் போட்டிருந்தது நல்ல தடித்த கண்ணாடி. மணவறையில் இருக்கும்போது படம்பிடிக்கிறவர், “மாப்பிள்ளை, கண்ணாடி மினுங்குது, ஒருக்காக் கழட்டுங்கோ” என்றிருக்கிறார். இவரும் கழற்றியிருக்கிறார். அடுத்த நிமிடம் மாலை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இவர் எழுந்து, மிகுந்த மரியாதையோடு, பொம்பிளைத் தோழியின் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார்.

“நான் எட்டிப் பிடிச்சு என்ரை கழுத்திலை மாட்டியிராட்டி, இண்டைக்கு அவள்தான் உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துவள்,” என்று அவர் மனைவி புவனம் அக்கா இன்றுவரை சொல்லிக் காட்டுவார். லென்ஸருக்குக் கனடாவில் இருக்கும் அக்கா முதன்முதலாக லென்ஸ் பெட்டி அனுப்பிய அன்றைக்கு, அந்தத் தடித்த கண்ணாடியைக் கொண்டுபோய் தோட்டக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, தலையில் ஒரு வாளி தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தவர் அவர்.

அவர் காலையில் லென்ஸ் போடுவது ஒரு பூசை மாதிரி. முற்றத்துப் பைப்படியில் நின்று, முழங்கைவரை சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவுவார். கையைத் துடைக்கமாட்டார், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஈரம் காயும்வரை நிற்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் யாரோ துவக்கைக் காட்டி மிரட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். பிறகு கிழக்கே பார்த்து, “முருகா” என்று வலக்கண்; இன்னொரு “முருகா”வுக்கு இடக்கண். இரண்டு முருகாவுக்கும் நடுவில் ஒழுங்கையில் யாரும் மோட்டார்சைக்கிள் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. தூசி பறக்குமாம். எத்தனையோ நாள் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலையில் காத்து நின்றிருக்கிறேன்.

ஒருமுறை கோயில் திருவிழா. உள்வீதி சுற்றி வரும்போது திடீரென்று லென்ஸர், “ஒருத்தரும் அசையாதேங்கோ!” என்று கத்தினார். வலது லென்ஸ் விழுந்துவிட்டது. நாங்கள் ஏழெட்டுப் பேர் முழங்காலில் இருந்து, நிலத்தோடு முகத்தை வைத்துத் தேடத் தொடங்கினோம். பின்னால் வந்தவர்களுக்கு விசயம் தெரியாது. ஏதோ புது நேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். முதலில் ஒருவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பிரதட்டை பண்ணத் தொடங்கினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் உருண்டார்கள். பெண்கள் அந்தப் பக்கத்தால் அடிக்கொருதரம் விழுந்து கும்பிட்டு அடி அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். அரைமணித்தியாலம் வீதி முழுக்க ஒரே பக்தி. கடைசியில் லென்ஸ், லென்ஸரின் வெறும் நெஞ்சில் பூசியிருந்த சந்தனத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. “பாத்தியே தம்பி, சுவாமி அதை நிலத்திலை விழ விடேல்லை,” என்றார் என்னிடம். என் முழங்கால் இரண்டும் தோல் உரிந்து போயிருந்தது.

பிறகு கொரோனா வந்தது. எல்லோரும் பயந்து வீட்டுக்குள் முடங்கியபோது, லென்ஸர் மட்டும் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். ரீவியில் கை கழுவுவது எப்படி என்று காட்டுகிறார்களே, அதைப் பார்த்துப் பெரிய எடுப்பாகச் சிரித்தார்.

“இருபது வருசமா நான் செய்யிறன். அப்ப என்னை விசரன் எண்டீங்கள். இப்ப உலகம் முழுக்க விசரோ?”

எனக்கு அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கை கழுவச் சொல்லித்தந்தார். நகத்துக்குள், விரல் இடுக்குக்குள், பெருவிரலுக்குத் தனியாக. பொய் சொல்லக்கூடாது, நல்ல வாத்தியார்தான்.

அதைவிடப் பெரிய புளுகமும் பெருமையும் அவருக்கு மாஸ்க்கால் வந்தது. நான் கண்ணாடி போடுகிற ஆள். மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு மூச்சு விட்டால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து புகார் பிடித்துவிடும். ஒருநாள் அப்படியே கடைக்குப் போய், கடைக்காரர் என்று நினைத்து அவர் தொங்கவிட்டிருந்த வாழைக்குலையிடம் பருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். லென்ஸருக்கு இந்தக் கதை எப்படியோ எட்டிவிட்டது.

“தம்பி, கண்ணாடிக்காரருக்கு இனி இந்த உலகத்திலை இடமில்லை. என்னைப் பார். மேலை மாஸ்க், உள்ளை லென்ஸ். பளிங்கு மாதிரித் தெரியுது.”

அந்தப் பளிங்கு கனகாலம் நிலைக்கவில்லை. விமானம் நின்றது, பார்சல் நின்றது. கனடாப் பெட்டி வரவில்லை. லென்ஸ் கழுவுகிற மருந்துத் தண்ணீரும் யாழ்ப்பாணத்துக் கடைகளில் முடிந்துபோனது. ஒரு மாதம் போடுகிற லென்ஸை லென்ஸர் நாலு மாதம் போட்டார். அதுவும் காணாது என்று கண்டபோது ஒற்றைக்கண் விரதம் தொடங்கினார். திங்கட்கிழமை வலக்கண், செவ்வாய்க்கிழமை இடக்கண், வெள்ளிக்கிழமை இரண்டுக்கும் ஓய்வு. வலக்கண் நாளில் நாங்கள் அவருக்கு வலப்பக்கமாகப் போனால் வணக்கம் கிடைக்கும். இடப்பக்கத்தால் போனால் கடவுளே வந்தாலும் கணக்கில்லை.

புவனம் அக்காவுக்கு ஒரே பயம். “இஞ்சரப்பா, கண்ணைத் தொடாதேங்கோ எண்டு ரேடியோவிலை நாள் முழுக்கச் சொல்லுறாங்கள்.”

“நான் கண்ணைத் தொடேல்லையப்பா. லென்சைத்தான் தொடுறன். லென்ஸ்தான் கண்ணைத் தொடுது.”

இந்த நேரத்தில்தான் அவர்களுடைய ஒரே மகள் தர்சினிக்குக் கரவெட்டியில் சம்பந்தம் பொருந்தி, நாளும் வைத்தாயிற்று. ஊரடங்கு என்று ஒத்திவைக்கவும் ஏலாது. அந்த முகூர்த்தத்தை விட்டால் பிறகு ஒன்றரை வருடத்துக்கு நல்ல நாள் இல்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு செய்ய அனுமதி கிடைத்தது.

லென்ஸரிடம் மிஞ்சியிருந்தது கடைசிச் சோடி. அவர் ஒரு முடிவு எடுத்தார். கலியாண நாள்வரை அதைப் போடுவதில்லை. அன்றைக்கு மட்டும் போடுவது. பத்து நாளாகப் புவனம் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் வளவுக்குள் திரிந்தார். நான் ஒருநாள், “ஏனண்ணை உந்தப் பாடு?” என்று கேட்டேன். பகிடி விடுவார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை.

“என்ரை கலியாணத்தை நான் பாக்கேல்லை தம்பி. ஆர் எங்கை நிண்டது, ஆர் சிரிச்சது, ஒண்டும் தெரியாது. எல்லாம் பிறகு படத்திலை பாத்ததுதான். என்ரை பிள்ளையின்ரை தாலிகட்டையாவது நான் கண்ணாலை பாக்கவேணும்.”

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றினோம். ஐயர் முற்றத்தில் தள்ளி நின்று மந்திரம் சொன்னார். முடிந்ததும், “நான் ஒருத்தருக்கும் கையிலை தீர்த்தம் ஊத்தமாட்டன். இந்தக் காலத்திலை அவரவர் தாங்களே எடுங்கோ. சாமியறையிலை வைச்சிருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கைகால் கழுவி, லென்ஸர் பழக்கித் தந்தபடி பெருவிரலையும் கழுவி, சாமியறைக்குள் போனேன். முருகன் படத்துக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம். அதில் தண்ணீர், மேலே ஒரு துளசியிலை மிதக்கிறது. நான் வேறென்ன நினைப்பேன்? கண்ணாடியோ வழமைபோலப் புகார். கிண்ணத்தை எடுத்து, அண்ணாந்து, மூன்று தரம் வாயில் விட்டேன். உப்புக் கரித்தது. யாரோ புண்ணியவான் இந்த ஊரடங்குக்குள்ளும் கடல் தீர்த்தம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிச்சத்தைக் கையில் ஊற்றித் தலையில் தடவினேன்.

வெளியே வந்தபோது லென்ஸர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தீர்த்தம் எடுத்தாச்சோ தம்பி?”

“ஓம் அண்ணை. கடல் தீர்த்தம் ஆர் கொண்டுவந்தது?”

“என்ன கடல் தீர்த்தம்? செம்பிலையெல்லோ ஐயர் வைச்சவர்.”

“நான் வெள்ளிக் கிண்ணத்திலை...”

லென்ஸரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். “எவ்வளவு குடிச்சனீர்?” அவர் என்னை ‘நீர்’ என்று சொன்னது அதுதான் முதல்தரம்.

“முழுக்க அண்ணை. மிச்சத்தைத் தலையிலை...”

“புவனம்!” என்று அவர் போட்ட சத்தத்தில் கன்னிக்கால் ஆடியது.

மருந்துத் தண்ணீர் இல்லாதபடியால், கொதித்தாறிய தண்ணீரில் உப்புப் போட்டு, கை கழுவாமல் யாரும் நுழையாத ஒரே இடம் சாமியறைதான் என்று அங்கே கொண்டுபோய் லென்ஸைக் காவலுக்கு வைத்திருக்கிறார் மனிதர். துளசியிலை முருகனின் மாலையிலிருந்து விழுந்தது. புவனம் அக்கா கதிரையைப் போட்டு என்னை இருத்தி, தலையில் பேன் பார்ப்பதுபோல வகிர்ந்து வகிர்ந்து தேடினார். ஒரு லென்ஸ் என் உச்சிமயிரில் காய்ந்து, இரண்டாகக் கிழிந்து கிடைத்தது. மற்ற லென்ஸ் கிடைக்கவில்லை. அது எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இனி உங்களுக்குச் சாப்பாடு உள்ளை போறதும் வடிவாத் தெரியும்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சாப்பாடும் இறங்கவில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளையின் தாலிகட்டைப் பார்க்கவேண்டும் என்று பத்து நாள் கண்ணை மூடித் தவம் இருந்தான். நான் அதைக் குடித்துவிட்டு வந்து நிற்கிறேன்.

அடுத்தநாள் விடியவே விசாரித்தேன். யாழ்ப்பாணத்துக் கண்ணாடிக் கடைகள் எல்லாம் பூட்டு. ஆனால் ஒரு கடைக்காரர் சாமான்களைக் கொடிகாமத்தில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மரக்கறி, வாழைக்குலை ஏற்றுகிற வாகனங்களுக்கு மட்டும் பாஸ் கொடுத்த நேரம் அது. என் இரண்டு சில்லு உழவு மெசினுக்குப் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவி, அதில் இருபது குலை கதலியை அடுக்கி, அதற்குமேல் லென்ஸரை ஏற்றினேன். குலையின் உரிமைக்காரர் கூட வரவேண்டும் என்று பாஸில் எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று.

உழவு மெசினில் கொடிகாமம் போவதென்றால் நடந்து போகிறவனும் முந்திக்கொண்டு போவான். சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இவர் குலைக்கு மேலிருந்து இறங்கி, வேட்டியைச் சரிப்படுத்தி, பாஸை இரண்டு கையாலும் நீட்டி, “வணக்கம் சேர். கலியாண வீட்டுக்காரர், கொஞ்சம் தயவு பண்ணுங்கோ,” என்றார். அவர் வணக்கம் சொன்னது ரோட்டோரம் வைத்திருந்த தார்ப் பீப்பாவுக்கு. பொலிஸ்காரர் பக்கத்தில் நின்று, பாஸையும் பார்த்து, பீப்பாவையும் பார்த்து, இவரையும் பார்த்து, “போங்கோ ஐயா, கெதியாப் போங்கோ,” என்றார். தெரியாமல் நடந்ததா, நடிப்பா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

கொடிகாமத்துக் கண்ணாடிக்காரர் லென்ஸரின் இமையை விரித்து ரோர்ச் அடித்துப் பார்த்தார். கதையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“ஐயா, ஒரு மாதத்துச் சாமானை நாலு மாதம் போட்டதே பிழை. அதைப் பத்து நாள் உப்புத் தண்ணியிலை ஊறவிட்டு, திரும்ப எடுத்துக் கண்ணுக்குள்ளை வைக்க இருந்தனீங்களோ? கிருமி பிடிச்சுக் கண்ணே பழுதாப் போயிருக்கும். குடிச்ச மனிசனுக்கு ஒரு கும்பிடு போடுங்கோ.”

லென்ஸர் என் பக்கம் திரும்பினார். உண்மையில் என் பக்கம் இல்லை, சுவரில் தொங்கிய கலண்டர் பக்கம். “தம்பி,” என்று மட்டும் கலண்டருக்குச் சொன்னார். எனக்கு அது போதும்.

ஆனால் அவரிடம் லென்ஸும் இல்லை, கண்ணாடியும் கிடைக்கவில்லை. லென்ஸருடைய நம்பருக்குக் கண்ணாடி கொழும்பில்தான் வெட்டவேண்டும். கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கண் சோதிக்கும்போது மூக்கில் மாட்டுவார்களே, வட்ட வட்டமாக இரும்புச் சட்டம், ஓரம் முழுக்க இலக்கம், பக்கத்தில் திருகாணி, அதை எடுத்தார். பெட்டியிலிருந்து கண்ணாடிச் சில்லுகளைத் தேடி ஒன்றுக்கு மேல் ஒன்றாக அதில் சொருகினார்.

“இப்ப தெரியுதோ?”

லென்ஸர் நிமிர்ந்தார். முற்றத்தைப் பார்த்தார், மாமரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தம்பி, நீ நல்லா மெலிஞ்சு போனாய்,” என்றார்.

“இதைக் கொண்டுபோங்கோ ஐயா. கலியாணம் முடியத் திருப்பித் தாங்கோ.”

கண்ணாடியோடு யார் கண்ணிலும் படமாட்டேன் என்று இருபது வருடம் சாதித்த மனிதர், கடிகாரம் திருத்துகிறவரும் போடக் கூசுகிற அந்த இயந்திரத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மணவறைக்கு வந்தார். அழுதுகொண்டு வந்த தர்சினி தகப்பனைக் கண்டதும் அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். கைபேசியில் கனடாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “ஐயோ, தம்பிக்கு என்ன நடந்தது? ஒப்பரேசனோ?” என்று கத்தினார்.

வாசலில் சுகாதாரப் பரிசோதகர் கதிரை போட்டு இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் சட்டம். “மாஸ்க் மூக்குக்குக் கீழை இறங்கக் கண்டனெண்டா, கலியாணத்தை நிப்பாட்டி எல்லாரையும் பதினாலு நாள் தனிமைப்படுத்துவன்,” என்று முதலே சொல்லிவிட்டார். அக்கினி வளர்த்ததும் புகை ஒருபக்கம், மாஸ்க்குக்குள்ளால் வரும் மூச்சு ஒருபக்கம். லென்ஸரின் வட்டக் கண்ணாடி இரண்டும் பால் ஊற்றியதுபோல வெளுத்தது. நான் பின்னால் நின்று சால்வைத் தலைப்பால் துடைப்பேன். துடைத்துக் கையை எடுக்குமுன் திரும்ப வெளுக்கும். மாஸ்க் இல்லாமல் இருக்க அனுமதி பெற்றவர் நாதஸ்வரக்காரர் ஒருவர்தான். லென்ஸர் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதற்கும் ஒருதரம் வெளுத்தது.

ஐயர் தாலித் தட்டை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். நான் கடைசித் தரமாகத் துடைத்தேன். தவில் மாறியது. கெட்டிமேளம்.

கண்ணாடி வெளுக்கவில்லை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் அவருடைய முதுகைப் பார்த்தேன். அது அசையவில்லை. மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார்.

மாப்பிள்ளைப் பெடியனுக்கோ பழக்கமில்லாத வேலை. முதல் முடிச்சு நழுவியது. திரும்பப் போட்டான். லென்ஸரின் கழுத்து நரம்பு விரல் தடிப்பில் புடைத்தது. “முருகா, அந்தப் பெடியன்ரை விரலுக்குக் கெதி குடு,” என்று நான் வாய்விட்டே கும்பிட்டேன். இரண்டாவது முடிச்சு. காது இரண்டும் சிவந்துவிட்டது. புவனம் அக்கா, “இஞ்சரப்பா!” என்று தோளைப் பிடித்து உலுப்பினார். அவர் அசையவில்லை. அந்த இரண்டு வட்டத்துக்குள்ளும் அவருடைய கண்கள் விரிந்து, மகளின் முகத்தில் குத்தி நின்றன. மூன்றாவது முடிச்சு. அறுகரிசி தூவுகிறார்கள். தர்சினி நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். தகப்பனும் பார்த்தார்.

பிறகு விட்டார் பாருங்கள் ஒரு மூச்சு, என் உழவு மெசின் தோற்றுவிடும். கண்ணாடி இரண்டும் வெள்ளையாகப் போய்விட்டது. நான் சால்வையோடு குனிந்தேன்.

“துடைக்கட்டோ அண்ணை?”

“வேண்டாமடா தம்பி. பாத்திட்டன்.”

இப்போது விமானமும் ஓடுகிறது, கனடாப் பெட்டியும் வருகிறது. லென்ஸர் அதைத் திருவிழா நாட்களில் மட்டும்தான் உடைக்கிறார். மற்ற நாளெல்லாம் கொழும்பில் வெட்டுவித்த கண்ணாடியோடு வாழைக்குள் நிற்கிறார். ஊரார் பெயரை மாற்றவில்லை. நான் கோயிலுக்குப் போனால் முதலில் என் பிள்ளைகளுக்காகக் கும்பிடுவேன், அடுத்ததாக மனைவிக்கு. அதற்குப் பிறகு இன்னொரு கற்பூரம் கொளுத்தி, எதிர்வீட்டு இரண்டு கண்ணையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.